நிறம் நீங்கிய நீர்

மலர்க் குழுவினர் எம்மிடம் கல்லூரி நினைவுகளாக ஏதேனும் எழுதித் தருமாறு கேட்டனர். நினைவுகள் இம்மலரின் ஏனைய பக்கங்களிற் போதிய அளவு நிறைந்திருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆசிரியரின் கைப்பிரம்பையும் மைதானத்து வெயிலையும் பற்றி எம்மினுஞ் சுவைபட எழுதவல்லார் பலர் உளர். ஆதலின் நாம் கழிவுநீரைப் பற்றி எழுதத் துணிந்தோம். விழா மலருக்கு இஃதோர் ஏற்ற பொருளோ எனச் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். முந்தற் களப்பின் காற்றைச் சுவாசித்துப் படித்தவர்களுக்கு நீரைப் பற்றிய பேச்சு அயலான பேச்சன்று என்பதே எமது விடை.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் நடத்திய விஞ்ஞானக் கண்காட்சியொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் மேசைமீது இரண்டு கண்ணாடிப் போத்தல்களை வைத்திருந்தனர். இரண்டிலும் துணிக்கு இடுஞ் சிவப்புச் சாயங் கரைத்த நீர் இருந்தது. ஒன்றிற் களப்பின் அடியிலிருந்து அள்ளிய கருஞ்சேறு ஒரு கரண்டியும் சிறிது கஞ்சித் தண்ணீரும் இட்டு, காற்றுப் புகாவண்ணம் வாயை இறுக மூடியிருந்தனர். மற்றையதில் ஒன்றும் இடவில்லை. ஐந்து நாள் கழிந்தபின் சேறிட்ட போத்தலில் நீர் வெளுத்துப் போயிருந்தது. மற்றையது செம்பருத்திப் பூப்போற் சிவந்தே இருந்தது. "எங்கள் சேற்றிலுள்ள நுண்ணங்கிகள் சாயத்தைத் தின்றுவிட்டன" என்று அம்மாணவர் பெருமிதத்தோடு விளக்கினர். நடுவர் முதற்பரிசு அளித்தனர், நாமுங் கைதட்டினோம். தின்ற சாயம் என்னவாயிற்று என்று நடுவருங் கேட்டிலர், நாமுங் கேட்டிலம்.

அவ்வினாவை இன்று எழுப்புதற்குக் காரணமுண்டு. எமது நாட்டின் ஆடைத் தொழில் நெடுங்காலமாகப் பிறநாட்டுத் துணியைத் தருவித்துத் தைத்தனுப்புந் தொழிலாகவே வளர்ந்தது. துணியை இங்கேயே நெய்து, இங்கேயே வெளுத்து, இங்கேயே சாயமிட வேண்டும் என்னும் எண்ணம் இப்பொழுது வலுப்பெற்றுள்ளது. துல்கிரியவில் முன்னர் அரசாங்க நெசவாலை இருந்த நிலத்தில் ஒரு துணிப் பேட்டை இயங்குகின்றது. கிழக்கே ஏறாவூரிலும் துணி பதனிடும் பேட்டையொன்றை அமைக்க முதலீட்டுச் சபை திட்டமிட்டது. எமது மாவட்டத்திற்றானும், மாரவிலைக்கு அண்மையில் மகாவெவப் பகுதியில், பத்திக் துணித் தொழில் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. இவற்றையெல்லாம் கண்ட எம் இளைய பழைய மாணவர் சிலர், "முந்தற் கரைக்கும் ஒரு சாய ஆலை வரட்டுமே, எம் பிள்ளைகள் வேலை தேடிக் கட்டுநாயக்காவுக்கு ஏன் போகவேண்டும்?" என்கின்றனர். கழிவுநீர் என்னாவது என்று கேட்டால், "இப்பொழுது நுண்ணங்கிகள் இருக்கின்றன; அவை சுத்தஞ் செய்துவிடும்" என்று எளிதில் விடை கூறுகின்றனர். போதாக்குறைக்குச் சிலர், "ஆலையே வேண்டாம், களப்புச் சேறே போதும்" என்றும் நகைக்கின்றனர்.

சாய ஆலையை நாம் வெறுப்பவரல்லம். வேலையில்லாப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்குந் தாய்க்கு ஆலையின் ஊதுகுழல் இன்னிசையாகவே கேட்கும் என்பதை நாம் அறிவோம். நுண்ணங்கிகளின் ஆற்றலையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவை செய்யும் வேலையில் எம்மவர் பாதியை மட்டுமே அறிந்து, அப்பாதியையே முழுமையென நம்புகின்றனரே என்பதுதான் எம் கவலை.

பருத்தித் துணிக்குச் சாயமிடும் ஆலையிலிருந்து வெளியேறும் நீரில் என்ன இருக்கின்றது? நெய்யும்போது நூல் அறாதிருக்கப் பூசிய கஞ்சிப்பசை கழுவப்பட்டு வரும். வெளுப்பதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் இட்ட காரம் வரும். ஆதலின் அந்நீர் பெரும்பாலும் காரத்தன்மை மிக்கதாய், கைசுடும் வெம்மையோடு வெளிப்படும். அதன்பின் சாயம். 1956 ஆம் ஆண்டிற் பிரித்தானிய இரசாயன நிறுவனமொன்று, பருத்தி நாரோடு இரசாயன முறையாற் பிணைந்து நிற்கும் ஒருவகைச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கழுவக் கழுவ மங்காத அச்சாயங்களே இன்று பருத்தி ஆடைகளை ஆளுகின்றன. அவற்றுக்கு இரண்டு குறைகள் உண்டு. தொட்டியில் இட்ட சாயம் முழுவதும் நாரைப் பற்றுவதில்லை. ஒரு பங்கு நீரோடு தாக்கமுற்றுப் பயனற்றதாகி வெளியே ஓடிவிடும். இரண்டாவது, சாயத்தை நாரின்பாற் செலுத்துவதற்கு உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் இலீற்றர் ஒன்றுக்கு 40 முதல் 100 கிராம் வரை கறியுப்பையோ சோடியஞ் சல்பேற்றையோ இடுவர். கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பே உள்ளது என்பதை நினைவிற் கொண்டால், சாயத் தொட்டி கடலினும் உவர்ப்பானது என்பது விளங்கும். கழுவிய நீரெல்லாம் சேரும்போது அவ்வுவர்ப்பு ஐதாகுமேயன்றி, இட்ட உப்பில் ஒரு கிராமும் குறைவதில்லை.

இனி நுண்ணங்கிகளைப் பார்ப்போம். இவை கூட்டமாக வாழ்ந்து கூட்டமாக உழைப்பவை என்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வீட்டில் தோசைமா புளிப்பதும், தென்னந்தோட்டத்திற் கள்ளுப் பொங்குவதும், தும்புக்காகப் பொச்சுமட்டை ஊறும் குழி நாட்கணக்கிற் கறுத்து நாறுவதும் இக்கூட்டங்களின் வேலையே. ஓரினம் மாப்பொருளை உடைத்து வெல்லமாக்கும். அவ்வெல்லத்தை இன்னோரினம் அமிலமாக்கும். அவ்வமிலத்தை மூன்றாமினம் வாயுவாக்கி விடும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. 1914 ஆம் ஆண்டில் மாஞ்செசுற்றர் நகரத்தில் ஆடென், லொக்கெற்று என்னும் இருவர், சாக்கடை நீருக்குட் காற்றைச் செலுத்தி, அடியிற் படிந்த சேற்றை வெளியே கொட்டாது அடுத்த தொகுதி நீருக்கும் உறையாகப் பயன்படுத்தினர். நேற்றைய தயிரை இன்றைய பாலுக்கு உறையிடும் எம் பாட்டிமாரின் முறையே இது. சேறு பழகப் பழக வேலையும் விரைந்தது. உலகெங்கும் கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையங்களிற் பெரும்பாலானவை இன்றும் அம்முறையின் வழிவந்தவையே. அவ்விருவருக்கும் ஊக்கமளித்த பவுலர் என்பார் பின்னர்ப் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்திற்குப் பேராசிரியராக வந்தார் என்பது எம் பகுதி வாசகர்க்கு ஒரு சுவையான செய்தி.

ஆயின் சாயம் சாக்கடையன்று. துணிச் சாயங்களிற் பெரும்பகுதி அசோச் சாயங்கள் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இரண்டு நைதரசன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பாற் கைகோத்து நிற்க, அவற்றின் இருபுறமும் பென்சீன் வளையங்களோ அவை போன்ற பிற வளையங்களோ தொங்கும். நிறம் அக்கைகோப்பினால் விளைவது. காற்றோட்டமுள்ள தொட்டியில் ஒட்சிசனையே நாடும் நுண்ணங்கிகள் அப்பிணைப்பைப் பெரும்பாலும் தொடுவதில்லை. சாய நீர் ஒரு வாயிலாற் புகுந்து அதே நிறத்தோடு மறு வாயிலால் வெளியேறும். காற்றில்லா இடத்திலோ நிலைமை வேறு. அங்கே வாழும் நுண்ணங்கிகள் தம் உணவை எரித்தபின் மிஞ்சும் இலத்திரன்களை ஏற்பதற்கு ஒட்சிசன் கிடையாது. எதிர்ப்பட்ட சாயத்தின்மீது அவற்றைத் தள்ளிவிடுகின்றன. நைதரசன் இணை அறுகின்றது. நிறம் மறைகின்றது. கண்காட்சி மேசையில் நிகழ்ந்தது இதுவே. மாணவர் இட்ட கஞ்சித் தண்ணீரே அந்நுண்ணங்கிகளுக்கு உணவு; சாயம் அவ்வுணவின் எச்சத்தைக் கொட்டும் இடம். "தின்றுவிட்டன" என்ற சொல் அந்த அளவிற் பிழை.

அறுந்த இரண்டு துண்டுகளும் எங்கே? நீரிலேதான். அவை அரோமாற்றிக்கு அமீன்கள் எனப்படும் பொருள்கள். அவற்றிற் பல நிறமற்றவை, சில நஞ்சு, சில புற்றுநோய் விளைப்பவை. 1895 ஆம் ஆண்டிற் பிராங்போட்டு நகரத்துச் சத்திரவைத்தியர் இறேன் என்பவர், சாயத் தொழிற்சாலையில் உழைத்தோருக்குச் சிறுநீர்ப்பையிற் கட்டி தோன்றுவதை எடுத்துரைத்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவாக, பென்சிடீன் முதலிய சில அமீன்களாகப் பிரியக்கூடிய சாயங்களை உடலிற் படும் துணிகளில் இடலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் விதி செய்தது. எல்லாச் சாயமும் அத்தகைய அமீன்களைத் தருவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லல் வேண்டும். எனினும் எத்துண்டு எத்தன்மையது என்பதைப் போத்தலைப் பார்த்து எவரும் சொல்லல் இயலாது. தெளிந்த நீர் தெளிந்த நீராகவே தோன்றும்.

அமீன்களை உடைப்பதற்கு இரண்டாவது கூட்டம் வேண்டும். அது காற்றை விரும்புங் கூட்டம். முதலிற் காற்றில்லாத் தொட்டி, அதன்பிற் காற்றூட்டிய தொட்டி என நீரை வரிசையாக நடத்தினால், முன்னது நிறத்தை அறுக்கப் பின்னது துண்டுகளைக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் பிற எளிய பொருள்களாகவும் மாற்ற முயலும். கந்தகங் கலந்த சில துண்டுகள் அங்கும் எளிதில் இணங்கா. அவற்றுக்குப் பழகிய சேறும் நீண்ட நேரமும் வேண்டும். ஒரே இனப் பற்றீரியாவைப் போத்தலில் அடைத்து வந்து ஊற்றினால் இத்துணைப் பணியும் நிகழாமைக்குக் காரணமும் இதுவே. ஒற்றை மல்லன் தேர் இழுத்தல் இயலுமா?

இறால் வளர்க்கும் அன்பர்கள் இவ்விடத்திற் புன்னகை செய்வர். குளத்துக்கு இடுமாறு நுண்ணங்கித் தூள் விற்க வருவோர் கூறும் வாக்குறுதிகள் அவர்களுக்குப் பழக்கமானவை. சில தூள்கள் உதவின. சில பணத்தையே செரித்தன. எம் கருத்திற் சாயக் கழிவுக்கும் பிறநாட்டுத் தூளினும், அவ்வாலையின் கழிவிலேயே மாதக்கணக்கிற் பழகி நிலைத்த உள்ளூர்ச் சேறே நம்பத்தக்கது.

பழஞ்சாயக்காரர் இவ்வுண்மையை வேறொரு வகையில் அறிந்திருந்தனர். அவுரி நீலம் நீரிற் கரையாதது. அதனைத் தாழியிலிட்டு, புளிக்கத்தக்க பொருளையுங் காரத்தையுஞ் சேர்த்து மூடி வைத்தால், தாழியிலுள்ள நுண்ணங்கிகள் நீலத்தை ஒடுக்கிப் பசுமஞ்சட் கரைசலாக்கும். துணியை அதில் தோய்த்து வெளியே எடுத்துக் காற்றிற் பிடித்தால், கண்முன்னே நீலம் மீண்டெழும். நிறம் மறைந்தமையாற் பொருள் மறைந்துவிட்டதென அச்சாயக்காரர் ஒருநாளும் மயங்கியதில்லை. மயங்கியிருந்தாற் பிழைப்பே இல்லை. அசோச் சாயத்தின் நிறம் அவ்வாறு எளிதில் மீளாது என்பது உண்மையே. அம்மீளாமையே எம்மை இன்னும் எளிதாக ஏமாற்றுகின்றது.

இனி எம் களப்புக்கு வருவோம். முந்தற் களப்பு ஆழமற்றது. வடக்கே நீர்க்காலொன்றாற் புத்தளக் களப்போடும், தெற்கே ஒல்லாந்தர் கால்வாயாற் சிலாபப் பக்கத்தோடும் இணைந்துள்ளதேயன்றி, கடலோடு நேரே உறவாடும் நிலையான அகன்ற வாய் அதற்கில்லை. மாரியில் நிறைந்து, கோடையிற் சுருங்கிக் கடல்நீரினும் உவர்க்கும். உடப்பு மக்களுக்கு ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் இருகைகள். அக்களப்பின் அடிச்சேற்றை ஒரு கோலாற் கிளறிப் பாருங்கள்: மேலே விரல் பருமன் பழுப்பு, அதன்கீழ் மைபோற் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அக்கறுப்புப் படை முழுவதும் காற்றில்லா நுண்ணங்கிகளின் குடியிருப்பு.

சாயக் கழிவை இக்களப்பில் விட்டால் என்ன நிகழும்? முதல் நாட்களில் நீர் சிவக்கும், நீலமாகும்; மக்கள் கூச்சலிடுவர். பின்னர்ச் சேறு தன் பழக்கப்படி நிறத்தை அறுத்துவிடும். நீர் வழமைபோற் சாம்பல் நிறமாகத் தோன்றும். "பார்த்தீர்களா, களப்பு தன்னைத்தானே சுத்தஞ் செய்துகொண்டது" என்று ஆலைக்காரரும் மகிழ்வர், அதிகாரிகளும் மகிழ்வர், நாமும் நம்பிவிடுவோம். களப்புச் சேறு முதற்பாதி வேலையில் வல்லது. இரண்டாம் பாதிக்கு வேண்டிய காற்றோ ஆழமற்ற அந்நீருக்கு இரவில் அரிது. இறால்கள் விடியற்காலையில் மேலே மிதந்து வாய் பிளப்பதைக் கண்டோர் அதனை அறிவர். அமீன்கள் சேற்றிலும் நீரிலும் தங்க, நிறம் மட்டும் போய்விடும். நிறமாவது இருந்தால் எச்சரிக்கையாக இருந்திருக்கும். சாயக் கழிவோடு சோடியஞ் சல்பேற்றும் வருமாயின் துன்பம் இரட்டிக்கும். சேற்றிலுள்ள வேறோர் இனம் அதனை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும். அந்நாற்றம் மீனுக்கு யமன்.

ஒருவர் கழிவு மற்றொருவர் குடிநீராதல் எவ்வாறு முடியும் என்பதை எமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1980களில் இக்கரையில் இறாற் பண்ணைகள் பெருகின. ஒல்லாந்தர் கால்வாயே அவற்றுக்கு நீர் வாயில். அக்கால்வாயே கழிவு வாயிலும். மேற்பண்ணை வெளியேற்றிய நீரைக் கீழ்ப்பண்ணை உள்ளிழுத்தது. 1980களின் இறுதியில் ஒரு வைரசு நோய் வந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒரு குளத்தில் விழுந்த நோய் கால்வாய் வழியே பரவிய வேகத்தை அக்காலத்திற் பண்ணை வைத்திருந்த பழைய மாணவர் மறந்திரார். தோட்டத்தை ஈடுவைத்துக் குளம் வெட்டியவர் வெறுங்குளத்தின் வரம்பில் நின்ற காட்சி எம் கண்ணைவிட்டு அகலவில்லை. அன்றைய பிழை இறாலினதன்று. ஒரே வாய்க்காலை உண்ணும் வாயாகவும் உமிழும் வாயாகவும் வைத்துக்கொண்ட மனிதரது பிழை.

உப்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஏனெனில் உப்பு எம் மாவட்டத்தின் பொருள். சாதாரணச் சாக்கடைச் சேறு உவர்ப்பேறினால் வாடிவிடும். அதன் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறிச் சுருங்கும். பாலாவி உப்பளத்திற் கடைசிப் பாத்திகளின் நீர் இளஞ்சிவப்பாகத் தோன்றுவதைப் புகைவண்டியிற் செல்வோரும் கண்டிருப்பர். அச்சிவப்பு உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறம். அத்தகைய உவர்நிலங்களில் வாழும் ஹலோமொனாசு முதலிய பற்றீரியாக்கள், உப்பு மிக்க நீரிலும் அசோச் சாயத்தின் நிறத்தை அறுக்க வல்லவை என ஆய்வுகூடங்களிற் காட்டப்பட்டுள்ளது. ஆகவே சாயக் கழிவுக்கு ஏற்ற நுண்ணங்கிக் கூட்டமொன்றை எம் உப்பளங்களிலும் களப்பிலும் தேடுவது வீண் கனவன்று. பல்கலைக்கழகம் புகும் எம் மாணவர்க்கு அதனினும் சிறந்த ஆராய்ச்சிப் பொருள் எமக்குத் தோன்றவில்லை. ஆயின் ஒன்றை மறக்கலாகாது. உப்பிலே வாழ்வது வேறு, உப்பை உண்பது வேறு. எந்த நுண்ணங்கியும் கறியுப்பைச் செரித்து இல்லாமலாக்காது. நிறம் போகலாம், அமீனும் போகலாம், உப்பு நிற்கும்.

இவ்வுண்மையைத் தமிழகத்துத் திருப்பூர் பெருவிலை கொடுத்துக் கற்றது. பின்னலாடையாற் புகழ்பெற்ற அந்நகரின் சாயப்பட்டறைகள் தம் நீரை நொய்யல் ஆற்றில் விட்டன. கீழே, ஒரத்துப்பாளையத்தில், உழவருக்குப் பாசன நீர் தேக்குவதற்காக 1990களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டப்பட்டது. அணையிற் தேங்கியது சாய ஆலைகளின் உவர்நீர். எந்த உழவருக்காக அது கட்டப்பட்டதோ அவ்வுழவரே "இந்நீர் வேண்டாம்" என்று நீதிமன்றம் சென்றனர். துளிக் கழிவும் வெளியேறலாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2006 இல் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009 இல் அதனை ஆதரித்தது. விதி நிறைவேறாமையால் 2011 சனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. நகரமே திகைத்து நின்றது. வேலையிழந்தோர் ஊர் திரும்பினர்.

பின்னர்ப் படிப்படியாகத் திறந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நிகழ்ந்த மாற்றமே எமக்குப் பாடம். முன்னர்ச் சுண்ணாம்பும் இரும்புச் சல்பேற்றும் இட்டு நிறத்தைப் படியவைத்து மலைமலையாக நச்சுச் சேற்றைக் குவித்த இடத்தில், நுண்ணங்கித் தொட்டிகள் முதன்மை பெற்றன. அத்தொட்டிகளில் சேதனப் பொருளும் நிறமும் குறைந்த நீர், ஆர்.ஓ. எனப் பேச்சில் வழங்கும் சவ்வுகளினூடாக அமுக்கப்பட்டு நன்னீராகப் பட்டறைக்கே திரும்புகின்றது. மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி வற்றவைத்து உப்பை எடுக்கின்றனர். சில நிலையங்களில் அவ்வுவர்நீரையே மீண்டுஞ் சாயத் தொட்டிக்கு அனுப்புகின்றனர். நுண்ணங்கிகள் முன்னே நின்று சுமையைக் குறைக்காவிடிற் சவ்வுகள் விரைவில் அடைத்துப்போம். சவ்வுகள் பின்னே நின்று உப்பைப் பிடிக்காவிடில் நுண்ணங்கிகளின் உழைப்பால் ஆறு பிழைக்காது. இதற்காகும் மின்செலவு சிறிதன்று. அச்செலவைத் துணியின் விலையிற் சேர்க்காது ஆற்றின் தலையிற் கட்டியதே பழைய திருப்பூரின் கதை.

ஆகவே முந்தற் கரைக்கு ஆலை கொண்டுவர விரும்பும் அன்பர்களிடம் நாம் கேட்பது இதுவே. உங்கள் திட்டத்தில் "உயிரியற் சுத்திகரிப்பு" என்ற சொற்றொடர் இருப்பது போதாது. காற்றில்லாத் தொட்டிக்கு அப்பாற் காற்றூட்டிய தொட்டி இருக்கின்றதா? உப்புக்கு என்ன வழி? மின்வெட்டு வந்தாற் காற்றூதும் பொறி எத்தனை மணி நேரம் நிற்கும்? சித்திரைப் புத்தாண்டுக்கு ஆலையைப் பத்து நாள் மூடினால் அச்சேற்றுக்கு யார் உணவிடுவார்? ஈற்றுக் கேள்வியைக் கேட்டு ஒரு பொறியியலாளர் சிரித்தார். நுண்ணங்கிக் கூட்டம் மாட்டுப்பட்டி போன்றது. பட்டிக்காரன் திருவிழாவுக்குப் போனாலும் மாடு பசிக்கும். பத்து நாட் பட்டினி கிடந்த சேறு பதினோராம் நாள் முழுச்சுமையையும் ஏற்காது. அன்று கழிவு எங்கே செல்லும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. எத்துணைச் சிறந்த நிலையமாயினும் அதன் நீர் களப்பிலோ கால்வாயிலோ விழலாகாது என்பது எம் உறுதியான கருத்து. அதிலே விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

சிறு பத்திக் தொழிலாளரைப் பேராலையோடு ஒருங்கு வைத்து மிரட்டுவதையும் நாம் ஒப்பவில்லை. அவர்களிடம் சவ்வும் காய்ச்சுங் கலமும் கேட்பது கொடுமை. துணியை வேகவைத்து மெழுகெடுக்கும் நீரை ஆறவிட்டால் மெழுகு மேலே உறையும். அதனை வழித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். சாய நீரைத் தனித்தொட்டியிற் சேர்த்து, பல வீட்டார் கூடி ஒரு பொதுநிலையத்துக்கு அனுப்பலாம். அந்நிலையத்தின் காற்றில்லாத் தொட்டிக்கு உணவு வேண்டுமெனின், மாவட்டத்தில் தேங்காய்த் துருவல் ஆலைகளின் இனிப்பான கழிவுநீர் இருக்கின்றது. இரண்டு தொல்லைகளை ஒரு தொட்டியில் மோதவிட்டுப் பார்ப்பது செய்யத்தக்க சோதனையே. அரசாங்கம் முதலிற் பணஞ் செலவிட வேண்டிய இடம் இதுவென்றே நாம் நினைக்கின்றோம்.

சட்டம் என்ன சொல்கின்றது என்று கேட்போரும் உளர். 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 2008 இல் வெளிவந்த வர்த்தமானி விதிகள், கழிவுநீரின் நிறத்தைக் கண்மதிப்புக்கு விடவில்லை. 436, 525, 620 நனோமீற்றர் ஆகிய மூன்று அலைநீளங்களில் ஒளியை எத்துணை உறிஞ்சலாம் என எண்ணாற் கட்டியுள்ளன. நல்ல விதிதான். ஆயின் நிறத்தை அளக்கும் எண் அமீனை அளக்காது, உப்பையும் அளக்காது. நிறச் சோதனையில் தேறியதை மட்டும் காட்டி ஊராரை அமைதிப்படுத்த ஒருவர் முற்பட்டால், கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற அப்போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வழக்கைப் படிக்கும்போது எமக்கு மற்றோர் எண்ணமும் எழுந்தது. ஆறு முன்னர் எத்தன்மையதாக இருந்தது என்பதை எண்ணாற் காட்ட வேண்டிய கடமை எப்பொழுதும் இழந்தவன் தலையிலேயே விழுகின்றது. எம் களப்பின் இன்றைய உவர்ப்பு எவ்வளவு? கரைந்த ஒட்சிசன் விடியற்காலையில் எவ்வளவு? ஆலை வந்த மறுநாள் இவற்றை அளந்து பயனில்லை. நாளைக்கே ஒரு வழக்கு எழுந்தால், "களப்பு எப்பொழுதும் இப்படித்தான் இருந்தது" என்னும் வாயை அடைப்பதற்கு எம் கையில் ஒரு தாளாவது இருத்தல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கம் இவ்விழாவையொட்டி ஏதேனும் நினைவுச்சின்னம் எழுப்ப எண்ணியிருப்பதாக அறிகின்றோம். வளைவும் மணிக்கூடும் கட்டுவதை நாம் தடுக்கவில்லை. அச்செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவியொன்றும், கரைந்த ஒட்சிசனை அளக்கும் கருவியொன்றும், நிறமானியொன்றும் விஞ்ஞான கூடத்துக்கு வாங்கித் தருவோமாக. மாதந்தோறும் முதற் சனிக்கிழமை விடியுமுன், இரு மாணவரும் ஓர் ஆசிரியரும் குறித்த ஐந்து இடங்களில் நீரள்ளி, அளந்து, தடித்த மட்டைக் குறிப்பேட்டில் மையினால் எழுதி வைக்கட்டும். ஒப்பமிட்ட ஏடாக அது இருக்கட்டும். கண்காட்சியில் அப்போத்தலை வைத்த இருவரில் ஒருவர் இன்று ஆசிரியராகவே இருக்கின்றார். அவரிடம் இதைச் சொன்னபோது, தோணிக்கு ஆள் தாமே பார்த்துத் தருவதாகக் கூறினார். கருவிகள் வந்து சேருமாயின் முதல் அளவையை வருந் தைமாதத்திலேயே எடுக்கலாம்.